கணக்கில் 100, கையில் 36: மீதி எங்கே போகிறது?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்துக்கான பதில் இது. அவரை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன். தொகைகளையும் அப்படியே தரவில்லை. அவர்கள் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தை 1,200 பங்கு என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றையும் அதே விகிதத்தில் மாற்றியிருக்கிறேன். அதாவது மாதத்துக்கு 100 பங்கு. உங்கள் வீட்டுக் கணக்கையும் இதே மாதிரி மாற்றிப் பார்க்கலாம், சுலபமாக இருக்கும்.

கடிதத்தின் சுருக்கம்

வாசகிக்கு வயது 38. தனியார் நிறுவனம் ஒன்றில் 12 ஆண்டுகளாக வேலை. கணவர் 2 ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபட வேலைகளை எடுத்துச் செய்கிறார். இரண்டு பிள்ளைகள். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. இருவருடைய வரிக் கணக்கையும் வருடாவருடம் தயார்செய்வது இவர்தான். இந்த வருடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டியிருக்கிறார். தன் சம்பளம் 760, வங்கி வைப்புத்தொகைக்கு வந்த வட்டி 40, கணவரின் தொழிலில் 400. மொத்தம் 1,200.

"கூட்டுத்தொகையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது" என்று எழுதியிருக்கிறார். "மாதம் 100 வருகிற வீட்டில் செலவுக்கு 36தான் நிற்கிறது. சில மாதம் அதுவும் இல்லை. 20ஆம் தேதிக்கு மேல் நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதே இல்லை. அவர் எதற்கோ செலவழிக்கிறார் என்று நான் நினைக்கிறேன். நான் என் அம்மா வீட்டுக்குக் கொடுக்கிறேன் என்று அவர் நினைக்கிறார். அந்தத் தாளை அவரிடம் காட்டினேன். 'இவ்வளவு சம்பாதித்தும் நமக்குக் குடும்பம் நடத்தத் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்."

அதோடு நான்கு கேள்விகள். அலுவலகத்தில் பதவி உயர்வு கொடுக்கிறார்கள், ஆண்டுக்கு 80 கூடும். ஆனால் அடுத்த வரி வரம்புக்குள் போய்விட்டால் கைக்கு வருவது இப்போதையதைவிடக் குறைந்துவிடும் என்கிறார்கள். மறுத்துவிடலாமா? வைப்புத்தொகை வட்டியை எடுக்கவே இல்லை, போன வருடம் கணக்கில் காட்டவும் இல்லை. காட்டத்தான் வேண்டுமா? போன வருடம் 14 பங்கு ரீஃபண்ட் வந்தது. இந்த வருடமும் அதை நம்பிப் பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்கலாமா? கடைசியாக ஒன்று. இவர்கள் வருமானத்துக்கு இன்னும் பெரிய கடன் கிடைக்கும் என்று கடன் தருகிறவர்கள் சொல்கிறார்கள். இப்போதைய வீட்டை விற்றுவிட்டுப் பெரிய வீட்டுக்கு மாறினால் மாதத் தவணை 22இலிருந்து 38 ஆகும். மாறலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் கணவர் சொன்ன வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் நான்கு கேள்விகளையும்விட என்னைத் தொந்தரவு செய்தது அதுதான். உங்களுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாமல் இல்லை. நீங்கள் இணைத்திருந்த சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்குத் தாள்கள், கணவரின் பில்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். உங்கள் வீட்டில் யாரும் பணத்தை ஒளிக்கவில்லை. 100க்கும் 36க்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் கணக்கு இருக்கிறது.

உங்களைக் குழப்பியது அந்தத் தாள்தான். வரிக்காகக் கூட்டும் ஆண்டு வருமானமும் பர்ஸில் இருக்கும் பணமும் ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல. 'இந்த வருடத்தில் உங்களுக்கு உரிமையானது எவ்வளவு?' என்று வரிப் படிவம் கேட்கிறது. 'இந்த வாரம் எடுத்துச் செலவழிக்க எவ்வளவு இருக்கிறது?' என்று வீடு கேட்கிறது. உரிமையானது எல்லாம் உடனே கைக்கு வருவதில்லை. கைக்கு வந்ததும் எல்லாம் செலவுக்கானது இல்லை. 1,200ஐப் 12ஆல் வகுத்து, அதை மாத வருமானம் என்று எடுத்துக்கொண்ட இடத்தில்தான் பிழை.

1,200இலிருந்து 36 வரை

மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்குவோம்.

உங்கள் கணவரின் 400 அவருடைய வருமானமே அல்ல. அது அவர் பில் போட்ட தொகை. கணினி, மென்பொருள் சந்தா, அச்சுச் செலவு, இணையம், இடத்தைப் பார்க்கப் போய்வந்த செலவு என்று தொழிலுக்கே 100 போயிருக்கிறது. இன்னும் 30 வாடிக்கையாளர்களிடமிருந்து வரவே இல்லை. ஆக 1,200 என்று நீங்கள் நினைத்தது இங்கேயே 1,070 ஆகிவிட்டது. 400ஐ அப்படியே படிவத்தில் எழுதியிருந்தால், சம்பாதிக்காத பணத்துக்கு வரி கட்டியிருப்பீர்கள். தாக்கல் செய்வதற்கு முன்னால் எழுதிக் கேட்டீர்களே, நல்லதாகப் போயிற்று. தொழில் செலவுக்கான ரசீதுகளை ஒன்றுவிடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கணினி போல வருடக்கணக்கில் உழைக்கும் பொருள் என்றால், முழு விலையையும் ஒரே வருடத்தில் கழிக்க எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். தேய்மானமாகப் பிரித்துத்தான் கழிக்க வேண்டியிருக்கும். வராத அந்த 30 இந்த வருடக் கணக்கில் சேருமா என்பது, அவர் பில் போட்ட தேதியை வைத்துக் கணக்கு எழுதுகிறாரா, பணம் வந்த தேதியை வைத்தா என்பதைப் பொறுத்தது. இரண்டில் எது அவருக்கு அனுமதிக்கப்பட்டது என்று பார்த்து, அதையே வருடாவருடம் கடைப்பிடிக்க வேண்டும்.

அப்புறம் வரி. உங்கள் சம்பளத்தில் பிடித்தது 80, கணவர் தவணையாகக் கட்டியது 30. இப்போது 960. உங்கள் ஓய்வூதிய நிதிக்குப் போனது 70, நிறுவனத்தின் குழுக் காப்பீட்டுக்கு 10. இப்போது 880. நிறுவனம் கொடுத்திருக்கும் வண்டிக்கு 12 என்று மதிப்புப் போட்டு அதையும் சம்பளத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதில் நீங்கள் போய்வருகிறீர்கள், ஆனால் அதை வைத்து மளிகை வாங்க முடியாது. வட்டி 40 வைப்புத்தொகையிலேயே ஏறி நிற்கிறது. இப்போது 828. வருடத்தில் ஒரே தடவை வரும் ஊக்கத்தொகை 60ஐ ஓரமாக வைத்தால் 768.

768ஐப் 12ஆல் வகுத்தால் 64. உங்கள் குடும்பத்துக்கு மாதாமாதம் உண்மையில் வருவது சராசரியாக இந்த 64தான். உங்களிடமிருந்து 44, கணவரிடமிருந்து 20. அதில் வீட்டுக் கடன் தவணை 22, பிள்ளைகள் பேரில் போடும் சேமிப்பு 4, ஆயுள் காப்பீடு 2. மொத்தம் 28 போனால் மிச்சம் 36. நீங்கள் சொன்ன அதே 36.

காணாமல் போனது என்று நீங்கள் நினைத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எங்கே இருக்கிறது தெரியுமா? ஓய்வூதிய நிதியில் 70, வைப்புத்தொகையில் 40, பிள்ளைகள் சேமிப்பில் 48. வீட்டுக் கடன் தவணையாக வருடத்தில் கட்டிய 264இல் 150 வட்டி, 114 அசல் என்று வங்கியின் ஆண்டு அறிக்கை சொல்கிறது. அந்த 114 அளவுக்கு உங்கள் கடன் குறைந்திருக்கிறது. கூட்டினால் 272. ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் உங்கள் குடும்பத்திடமே இருக்கிறது, கைக்கு எட்டாத இடங்களில்.

ஜான் ஹிக்ஸ் என்ற பொருளியலாளர் 1939இல் வருமானத்துக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஒரு வாரத்தின் தொடக்கத்தில் எவ்வளவு வசதியோடு இருந்தோமோ, வாரக் கடைசியிலும் அதே வசதியோடு இருப்போம் என்று எதிர்பார்க்கும்படி, இடையில் அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்கலாமோ அதுதான் வருமானம் என்றார். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் உங்கள் நிலை 100இலும் இல்லை, 36இலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வருடக் கடைசியில் நீங்கள் முன்பைவிடக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறீர்கள். மாதக் கடைசியில் அது உங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எதற்கு எவ்வளவு போயிற்று என்று எனக்கும் தெரியாமல் இருப்பது அந்த 60 ஊக்கத்தொகை ஒன்றில்தான். மேற்கூரை பழுது, பிள்ளைகளுக்குப் புத்தகம், பழைய கடன் அட்டை பாக்கி என்று மூன்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவை எல்லாம் நியாயமான செலவுதான். வருடத்தில் ஒரு தடவை வரும் செலவுகளுக்கு வருடத்தில் ஒரு தடவை வரும் பணத்தை ஒதுக்கியிருக்கிறீர்கள். அடுத்த முறை பணம் வருவதற்கு முன்பே பட்டியல் போட்டுவிடுங்கள், போதும்.

சண்டை வரும் மாதம் எது?

36 என்பது சராசரி. சராசரியை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. உங்கள் கணவரின் வங்கிக் கணக்கில் ஒரு மாதம் 60 வந்திருக்கிறது. அதற்கடுத்த 3 மாதம் ஒன்றுமே வரவில்லை. அந்த 3 மாதமும் உங்கள் 44இல்தான் வீடு ஓடியிருக்கிறது. கட்டாயப் பிடித்தங்கள் 28 போனால் மிச்சம் 16. நீங்கள் 'சரியாகப் பேசிக்கொள்ளாத' மாதங்கள் என்று குறிப்பிட்டவை எல்லாம் இவைதான், தேதி போட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். 60 வந்த மாதத்தில் வீட்டில் கை தாராளமாகிறது, தப்பில்லை, மனிதர்கள் அப்படித்தான். அடுத்த மாதம் 16 வரும்போது 'போன மாதம் இருந்த பணம் எங்கே?' என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்குள் ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டில் பணம் கம்மி என்பதைவிட, அது ஏறி இறங்கி வருவதுதான் பிரச்சினை.

சம்பளக்காரர்களுக்கு இந்த வேலையை நிறுவனம் செய்துவிடுகிறது. மாதாமாதம் ஒரே தொகை, வரியும் முன்கூட்டியே பிடித்தாகிவிடும். சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக் கட்டும் முறை அமெரிக்காவில் 1943இலும் பிரிட்டனில் 1944இலும் போர்க்காலத் தேவைக்காகப் பெருவாரியான தொழிலாளர்களுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று பல நாடுகளில் அதுதான் வழக்கம். அதனால் சம்பளம் வாங்குகிறவர்கள் வரி போன பிறகு வருவதையே சம்பளம் என்று நினைத்துப் பழகிவிடுகிறோம். உங்கள் கணவரும் அப்படிப் பழகியவர்தான். இப்போது அவருக்கு வரும் பணத்தில் வரி, தொழில் செலவு, வேலை இல்லாத மாதங்களுக்கான பங்கு எல்லாம் கலந்து வருகிறது. பிரித்துக் கொடுக்க யாரும் இல்லை. அவரே பிரிக்க வேண்டும்.

அதற்கு நான் சொல்லும் வழி இதுதான். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளட்டும். வாடிக்கையாளர் பணம் எல்லாம் அதில்தான் வர வேண்டும். 100 வந்தால் உடனே 10ஐ வரிக்கென்று எடுத்து வேறு கணக்கில் போட வேண்டும். இந்த வருடக் கணக்குப்படி 8 அல்லது 9 போதும், 10 என்றால் கொஞ்சம் நிம்மதி. தொழில் செலவும் அங்கிருந்தே போகட்டும். வீட்டுக்கு அவர் மாதம் 15 'சம்பளம்' கொடுக்கட்டும், ஒரே தேதியில். 20 அல்ல, 15. வேலை நிறைய வந்த மாதத்திலும் 15, வராத மாதத்திலும் 15. வருடத்தில் மிஞ்சும் 60 அந்தக் கணக்கிலேயே நிற்கட்டும். வேலை வராத மாதத்துக்கு அது தாங்கும்.

அப்படிச் செய்தால் செலவுக்கு மாதம் 36 இருக்காது, 31தான் இருக்கும். சொல்லிவிடுகிறேன், முதல் சில மாதம் இறுக்கமாக இருக்கும். இப்போதே இருப்பு இல்லாததால், இந்த வருட ஊக்கத்தொகையில் ஒரு பகுதியைத் தொழில் கணக்கில் போட்டுத் தொடங்குங்கள். ஆனால் எல்லா மாதமும் 31 என்று தெரிந்துவிட்டால் 20ஆம் தேதி உங்கள் வீட்டில் வேறு மாதிரி இருக்கும். இந்த ஏற்பாட்டை நீங்கள் கணவருக்குப் போடும் கட்டுப்பாடாகச் சொல்லாதீர்கள். வேலையை விட்டதிலிருந்து தன் பங்கு எவ்வளவு என்று அவருக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. மாதம் 15 என்று உறுதியாகக் கொடுக்க முடிவது அவருக்கும் ஒரு பிடிப்பாக இருக்கும்.

வரி வரம்பைத் தாண்டினால் சம்பளம் குறையுமா?

குறையாது. இந்தத் தவறான எண்ணத்தால் நல்ல வாய்ப்பை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். படிப்படியாக ஏறும் வரி முறையில், மேல் வரம்பின் விகிதம் அந்த வரம்புக்கு மேலே இருக்கும் தொகைக்கு மட்டும்தான். கீழே இருக்கும் பணத்துக்குப் பழைய விகிதமே.

உங்களுக்குக் கூடப்போகும் 80ஐயே எடுத்துக்கொள்வோம். அதில் 20 இப்போதைய வரம்புக்குள் அடங்கி 10 சதவீதமும், மீதி 60 அடுத்த வரம்பில் 20 சதவீதமும் ஆகிறது என்று வையுங்கள். வரி 2ம் 12ம் சேர்ந்து 14. ஓய்வூதிய நிதிக்கு ஏறத்தாழ 7 கூடுதலாகப் போகும். கைக்கு 59 வரும், அதாவது மாதம் 5க்குக் கொஞ்சம் குறைவாக. ஆண்டுக்கு 80 என்று கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு மாதம் 7 வரும் என்று திட்டம் போடாதீர்கள், ஐந்தை வைத்துப் போடுங்கள். கணவர் வீட்டுக்குக் கொடுப்பதில் குறையப்போகும் அந்த 5ஐ இது கிட்டத்தட்ட நிரப்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. வரி விகிதம் படிப்படியாக ஏறினாலும், சில சலுகைகள் ஒரு எல்லையைத் தாண்டியதும் மொத்தமாக நின்றுவிடும். பிள்ளைகளின் கட்டணச் சலுகை, குடும்ப வருமானத்தை வைத்துத் தரும் உதவித்தொகை, சில வரிக் கழிவுகள் இப்படிப்பட்டவை. உங்களுக்கு அப்படி ஏதாவது வருகிறதா, அதன் எல்லை எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் தாள்களில் எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

எடுக்காத வட்டி, வரும் என்று நம்பும் ரீஃபண்ட்

இந்த இரண்டு கேள்விகளையும் நீங்கள் தனித்தனியாகக் கேட்டீர்கள். உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

வட்டியை எடுக்கவில்லை என்பது அதைக் காட்டாமல் இருக்கக் காரணம் ஆகாது. உங்கள் பேரில் வரவு வைத்துவிட்டாலே அது உங்கள் வருமானம் என்பதுதான் பல நாடுகளில் விதி. வரிவிலக்கு உள்ள வைப்புத்திட்டம் என்றால் வேறு விஷயம், வங்கியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கைக்கே வராத பணத்துக்குக் கையிலிருந்து வரி கட்டுவது கஷ்டமாகத்தான் இருக்கும், அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் வங்கிகள் வட்டி விவரத்தை வரித் துறைக்கு அனுப்புவது இன்று சாதாரணம். உங்கள் படிவமும் வங்கியின் விவரமும் ஒத்துப்போகாவிட்டால் அறிவிப்பு வரும். வரியோடு தாமத வட்டியும் அபராதமும் சேரலாம். போன வருடக் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்யக் காலக்கெடு முடிந்துவிட்டதா என்று உடனே பாருங்கள். அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே திருத்துவதற்கும், கேட்ட பிறகு விளக்கம் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தெரியாமல் விட்டது என்பதை நான் நம்புகிறேன். தெரிந்த பிறகும் விட்டால் அது வேறு.

இப்போது ரீஃபண்டுக்கு வாருங்கள். அது யாரும் தரும் பரிசு அல்ல. உங்களிடம் கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பித் தருகிறார்கள். வருடம் முழுக்க உங்கள் பர்ஸில் இருந்திருக்க வேண்டிய பணம் அது, மாதம் 1க்கு மேல். போன வருடம் வந்த 14இல் வட்டியைக் காட்டாததால் வந்த பங்கும் இருக்கிறது. வட்டியைச் சேர்த்ததும் அந்த வருடத்துக்குக் கொஞ்சம் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். இந்த வருடம் அந்த 14 வராது. வருவதும் எந்த மாதம் வரும் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. பழைய பாக்கி இருந்தால் அதில் கழித்துக்கொள்ளவும் செய்யலாம். பள்ளிக்கோ கட்டணத் தேதி உறுதியானது. ஆகவே ஊக்கத்தொகையிலிருந்து பள்ளிக் கட்டணத்தை ஒதுக்குங்கள்.

சிலர் மொத்தமாக ஒரு தொகை வரட்டும் என்று வேண்டுமென்றே கூடுதலாகப் பிடிக்க விடுகிறார்கள். கையில் இருந்தால் செலவாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் மாதக் கடைசியில் மூச்சுத் திணறும் வீட்டுக்கு அது சரியான சேமிப்பு இல்லை. வீட்டுக் கடன், காப்பீடு, பிற கழிவுகள் எதையெல்லாம் உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதோ, அவற்றை வருடத் தொடக்கத்திலேயே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பிடித்தம் சரியான அளவுக்கு வந்துவிடும். எதற்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்ற விவரத்தைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். அது உங்கள் பணம். சம்பளச் சீட்டில் புரியாத விவரம் ஏதாவது இருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. கணவரின் படிவத்தையும் நீங்களே தயார்செய்கிறீர்கள். செய்யுங்கள், ஆனால் அனுப்புவதற்கு முன் அவர் ஒவ்வொரு எண்ணையும் படித்துப் பார்க்கட்டும். அவர் பெயரில் போகும் கணக்குக்கு அவர்தான் பொறுப்பு. தம்பதியர் சேர்ந்து ஒரே கணக்காகத் தாக்கல் செய்யும் முறை உள்ள நாடுகளில் இருவருமே பொறுப்பாளிகள் ஆவதும் உண்டு.

பெரிய வீடு, பெரிய தவணை

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் தயங்காமல் சொல்கிறேன்: இப்போது வேண்டாம்.

கடன் தருகிறவர்கள் உங்கள் 1,200ஐப் பார்க்கிறார்கள். கூடுகிற தவணையோ மாதம் மிஞ்சும் 36இலிருந்து போகும். தவணை 22இலிருந்து 38 ஆனால் 16 கூடுகிறது. கணவருக்கு வேலை வராத மாதங்களில் இன்று மிச்சம் நிற்பது சரியாக அந்த 16தான். அந்த மாதங்களில் வீட்டில் ஒன்றுமே இருக்காது. பள்ளி, மருந்து, மின்கட்டணம் எல்லாம் கடன் அட்டைக்குப் போகும். ஒருமுறை அங்கே போனால் திரும்பி வருவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும், போன ஊக்கத்தொகையில் ஒரு பகுதி அதற்குத்தானே போயிற்று. கடனுக்குத் தகுதி உண்டு என்று அவர்கள் சொல்வது, அவர்கள் விதிப்படி கொடுக்கலாம் என்பதை மட்டும்தான் குறிக்கிறது. உங்களால் தாங்க முடியுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வீடு சிறியதாகிவிட்டது, பிள்ளைகள் வளர்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசை நியாயமானது, அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரு சோதனை செய்யுங்கள். கணவரின் மாதச் சம்பள ஏற்பாடு 6 மாதம் தடங்கல் இல்லாமல் ஓடட்டும். அதற்கடுத்த 6 மாதம், புதுத் தவணை கட்டுவதாக நினைத்துக்கொண்டு மாதாமாதம் 16ஐ எடுத்துத் தனியாகப் போடுங்கள். போட முடிந்தால், முன்பணத்துக்கு 96 சேர்ந்திருக்கும், உங்களால் முடியும் என்பதும் தெரிந்திருக்கும். முடியாவிட்டால், எவ்வளவு முடிந்தது என்பது தெரிந்திருக்கும். அந்த அளவுக்குத் தவணை வருகிற வீட்டைத் தேடலாம்.

இந்தப் பதிலை முதலில் கணவரிடம் காட்டுங்கள், குறிப்பாக 1,200இலிருந்து 36க்கு இறங்கிய கணக்கை. நீங்கள் காட்டிய தாளில் மேலே இருந்த எண் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் எழுந்து போனார். இந்தக் கணக்கை இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் உண்மைத் தொகைகளை வைத்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். யார் மேல் சந்தேகப்பட்டோம் என்று பேச வேண்டியிருந்தால் அப்போது பேசுங்கள். எண்கள் முன்னால் இருக்கும்போது அந்தப் பேச்சு சுலபம்.

அலுவலகத்துக்குப் பதில் சொல்ல இன்னும் 10 நாள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சலுகை எல்லைகளைப் பார்த்துவிட்டுப் பதவி உயர்வுக்குச் சரி சொல்லுங்கள். அதற்கு முன்னால் போன வருட வட்டிக் கணக்கைத் திருத்த வழி இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள், அதற்கும் கெடு இருக்கிறது. பெரிய வீட்டுக்கான முன்பணத்தை மட்டும் இப்போது யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.